மகாராணி எழுந்திருக்க மாட்டாள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மீட்டிங்கில் முடியாது என்று சொன்னேன். பதினோரு வருட வேலையில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் சொல்லிவிட்டு, அப்புறம் சத்தமில்லாமல் செய்துகொடுத்துவிட்டேன். அதனால்தான் இந்த முறை தேதி போட்டு எழுதிவைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் கம்பெனி பிரசவ வார்டுக்கு ஒரு கருவி செய்கிறது. பெயர் தொட்டில். வயிற்றில் பெல்ட்டைக் கட்டினால் குழந்தையின் இதயத் துடிப்பை மணிக்கணக்காகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டே இருக்கும். துடிப்பில் கோளாறு தெரிந்தால் நர்ஸ் ஒரு நீலப் பட்டனை அமுக்குவார். கேமரா திறந்து, எங்கோ இருக்கும் பெரிய டாக்டர் திரையில் வருவார். பெரிய டாக்டர் இல்லாத சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்காகச் செய்தது. மூன்று ஊர்களில் வெள்ளோட்டம் விட்டிருக்கிறோம். இரண்டில் இருந்து ஒரே புகார். ஒன்பது, பத்து மணி நேரம் ஓடியபிறகு நீலப் பட்டனை அமுக்கினால் கேமரா திறப்பதில்லை. "இப்போது இயலாது" என்று திரையில் வருகிறது.

தியாகு சார் எங்கள் தலைமைப் பொறியாளர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கருவியை அணைத்துப் போடவும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார். கருவியின் எல்லா மென்பொருளுக்கும் அடியில் ஓடி மெமரியைப் பங்குபோடும் கெர்னல் என் பொறுப்பு. அதனால் அந்த வரிக்குக் கீழே கையெழுத்தும் நான்தான் போட வேண்டும். ஜூன் 23, திங்கள் காலை நாற்பது கருவிகள் லாரி ஏறுகின்றன.

அணைத்துப் போட நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷமும் குழந்தையின் துடிப்பை யாரும் கேட்க மாட்டார்கள். அதில் என் கையெழுத்து இருக்காது என்றேன். இருபதாம் தேதி வரை நேரம் தந்திருக்கிறார், ஏதோ வரம் கொடுத்த மாதிரி.

ஜூன் 4, புதன்

காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது சபரீஷ் வந்து, என்ன அண்ணி ரெண்டு நாளா மொகமே சரியில்லை என்றான். என் கணவரின் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவன். ஸ்டுடியோவை இடித்துக் கட்டுகிறார்கள் என்று ஜனவரியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு விளக்கு, குடை, பெட்டி எல்லாவற்றோடும் வந்தான். இரண்டு வாரம் என்று பேச்சு. அது என் வேலை அறை.

அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கருவியின் மெமரி சின்னச் சின்னப் பக்கங்களாக இருக்கிறது. அது ஒரு பஸ் என்றால் கெர்னல்தான் கண்டக்டர், யார் எங்கே உட்காரலாம் என்று சொல்பவர். கேமரா ஒரு பெரிய குடும்பம், அதற்குப் பதினாறாயிரம் பக்கங்கள் ஒரே வரிசையில் வேண்டும். அங்கொன்று இங்கொன்றாக எத்தனை காலியாக இருந்தாலும் அதற்குப் பிரயோஜனம் இல்லை. கேமரா எப்போதோ ஒருமுறைதான் வரும். அதுவரை அந்த வரிசையைச் சும்மா வைத்திருக்கக் கருவியில் அவ்வளவு மெமரி கிடையாது. அதனால் மற்றவர்களை உட்கார விடுவோம், ஒரே நிபந்தனையோடு: கேமரா ஏறினால் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட வேண்டும். கெர்னலே ஒவ்வொருவராக நகர்த்திவிடும். எங்கள் கருவியில் ஒன்பது மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

"துண்டு போட்டு வெச்சிருப்பாங்க அண்ணி. ஆளு கீழ எறங்கி டீ குடிச்சுட்டிருப்பான், துண்டு மட்டும் சீட்ல கெடக்கும்," என்றான்.

அதேதான். எங்கள் பாஷையில் சொல்வதைவிட நன்றாகவே சொல்லிவிட்டான். நாலாவது தோசையையும் அவனுக்கே போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

மகாராணியின் மேல் பெல்ட்டைக் கட்டி இருபத்தாறு மணி நேரம் ஓட்டினோம். பட்டனை அமுக்கினோம். கேமரா திறந்தது. எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

மகாராணி யார் என்று எழுதவில்லை. சோதனைக்கூடத்தில் மேசைமேல் மல்லாந்து கிடக்கும் ரப்பர் பொம்மை. கழுத்தில் இருந்து தொடை வரைதான், பதினெட்டு கிலோ. வயிற்றுக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் குழந்தையின் துடிப்பு மாதிரி டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும். சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபர்ஹானாதான் அந்தப் பெயரை வைத்தாள். எந்த வேலையும் செய்யாமல் படுத்தே கிடக்கிறாள், எல்லோரும் வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்கள் என்று காரணம் சொன்னாள்.

மறுபடி ஓட்டினோம். மறுபடி ஒன்றும் ஆகவில்லை.

இந்த மாதிரிக் கோளாறைப் பிடிக்க ஒரே மூச்சாக நாலைந்து மணி நேரம் வேண்டும். இன்று வீட்டில் எனக்குக் கிடைத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். என் பதினாலு மாதப் பாப்பா தூங்கியபோது இருபது நிமிஷம், குக்கர் விசிலுக்கு நடுவில் பத்து, பால்காரருக்கும் மாமியாரின் போனுக்கும் இடையில் பதினைந்து. நாள் முழுக்க இப்படித் துண்டு துண்டாக மொத்தம் மூன்று மணி நேரம். என் கணவர் குணா கேட்டார், மூணு மணி நேரம் கிடைச்சுதே, அப்புறம் என்ன என்று. ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூன் 9, திங்கள்

சந்தேகம் கேமராவின் மேல். அதை இயக்கும் மென்பொருளை (டிரைவர் என்போம்) எழுதித் தந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனி. அவர்களுக்கு இன்று காரமாக ஒரு மெயில் போட்டேன். "உங்கள் கவனக்குறைவு" என்கிற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன். அனுப்பியபிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 11, புதன்

கெர்னலுக்குள் ஒரு ஒற்றனை வைத்தேன். வரிசையைக் காலி செய்யும்போது எந்தப் பக்கம் நகர மறுக்கிறதோ அதன் எண்ணையும், அதைப் பிடித்துவைத்திருப்பவரின் பெயரையும் எழுதிவைக்கும். வெள்ளோட்டம் நடக்கும் ஓர் ஊர் சத்தியமங்கலம் பக்கம். அங்கே பிரசவ வார்டில் பெனிட்டா சிஸ்டர் என்று ஒருவர். போனில் ஒருமுறைதான் சொன்னேன், புதிய மென்பொருளை அவரே ஏற்றிவிட்டார். எங்கள் ஆபீசில் இதற்கு மூன்று மீட்டிங் ஆகியிருக்கும்.

குணா இன்று சபரீஷிடம் ஸ்டுடியோ எப்போது முடியும் என்று கேட்பதாகச் சொல்லியிருந்தார். கேட்கவில்லை. தம்பியிடம் எப்படிக் கேட்பது என்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

பெனிட்டா சிஸ்டர் பதிவை அனுப்பிவிட்டார். நேற்று பதினொரு மணி நேரப் பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். கடைசியில் பட்டனை அமுக்கிப் பார்த்திருக்கிறார், வேலை செய்யவில்லை, நல்லவேளையாகத் தேவையும் படவில்லை.

பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலு பக்கங்கள். ஒன்றைத் தவிர எல்லாம் ஒழுங்காக எழுந்து இடம் மாறியிருக்கின்றன. ஒரே ஒரு பக்கம் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. துண்டு போட்டவர் கேமரா இல்லை. பெல்ட் டிரைவர்.

பெல்ட் டிரைவர் எங்கள் ஆபீசில் எழுதியது. யார் எழுதியது என்று பார்க்க ஐந்து விநாடி போதும். பார்க்காமல் கிளம்பிவிட்டேன். பாப்பாவுக்குத் தடுப்பூசி இருந்தது.

ஜூன் 14, சனி

பார்த்தேன்.

நான்தான். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. பெல்ட்டில் இருந்து வரும் துடிப்பை வாங்கி வைக்க ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் இடம். அந்த வரிக்கு மேலே என் குறிப்பு: "கொஞ்ச நேரத்துக்குத்தான், உடனே விட்டுவிடும்." அப்போது அது உண்மை. பெல்ட் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை விழித்துக் கேட்டுவிட்டுத் தூங்கும். இரண்டு வருஷம் முன்பு இடைவிடாமல் கேட்கும்படி மாற்றினோம். அந்த மாற்றத்தைப் படித்துப் பார்த்து சரி என்று ஒப்புதல் கொடுத்ததும் நான்தான். அன்றிலிருந்து அந்தப் பக்கத்தைப் பெல்ட் விடுவதே இல்லை. குறிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று.

வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனிக்கு மன்னிப்பு மெயில் போட்டேன். கவனக்குறைவு என்ற சொல்லை இதிலும் மூன்று இடத்தில் போட்டேன், இம்முறை என் பெயருக்குப் பக்கத்தில்.

ஆனால் ஒன்று இன்னும் இடிக்கிறது. பெல்ட் அந்தப் பக்கத்தைப் பிடிப்பது கட்டும்போது ஒரே ஒருமுறை. அப்போது பிரசவம் ஆரம்பம், பஸ் காலி, எங்கே வேண்டுமானாலும் சீட் கிடைக்கும். கேமராவின் வரிசைக்கு அது போகவே வேண்டியதில்லை. மகாராணியிடம் ஒழுங்காக இருக்கும் பெல்ட் ஆஸ்பத்திரியில் மட்டும் ஏன் அங்கே போய் உட்காருகிறது?

ஜூன் 16, திங்கள்

பெனிட்டா சிஸ்டருக்குப் போன் செய்தேன். பெல்ட்டைக் கட்டினபிறகு என்ன செய்வீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். கட்டுவோம், ஜெல் வைப்போம், சத்தம் வருதான்னு பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் என்றேன்.

"அப்புறமென்னுங்க, கழட்டுவோம், மாட்டுவோம், கழட்டுவோம், மாட்டுவோம்."

ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டேன். இதை நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

"ஏனுங்க மேடம், ஒண்ணுக்குப் போக வேண்டாமுங்களா? வலி வந்தா எந்திரிச்சு நடக்க வேண்டாமுங்களா? செவுத்தப் புடிச்சுட்டு நிப்பாங்க, மண்டி போடுவாங்க. நாங்களே நடக்கத்தான் சொல்லுவோம். பொம்பளைங்க பொம்மை மாதிரியா படுத்திருப்பாங்க?"

ஒவ்வொரு முறை மாட்டும்போதும் பெல்ட் பழைய பக்கத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிடிக்கும். ஒன்பது மணி நேரம் பதிவு சேர்ந்து பஸ் நிறைந்திருக்கும்போது மாட்டினால், காலியாக இருப்பது கேமராவின் வரிசை மட்டும்தான். கெர்னல் நல்லெண்ணத்தில் அங்கே உட்கார விடுகிறது, கொஞ்ச நேரம்தான் என்ற என் பேச்சை நம்பி. பெல்ட் அங்கே துண்டைப் போட்டுவிடுகிறது.

மகாராணி எழுந்ததில்லை. அவளுக்குக் கால் கிடையாது. நாலு வருஷமாக ஐந்து பொறியாளர்கள் அவளை வைத்துச் சோதித்தோம். அதில் இரண்டு பேர் பெண்கள், ஒருத்தி பிள்ளை பெற்றவள். ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஃபர்ஹானா காலையில் இருந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை பெல்ட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். பத்தாவது மணி நேரத்தில் பட்டனை அமுக்கினாள். "இப்போது இயலாது." இரண்டு பேரும் கைதட்டினோம். செக்யூரிட்டி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாப்பா பிறந்ததைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில்லை. இன்றும் எழுதுவதாக இல்லை.

ஜூன் 18, புதன்

மீட்டிங்கில் தியாகு சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்பதையும். பொறுமையாகக் கேட்டார், பாராட்டக்கூடச் செய்தார். காரணம் கிடைத்துவிட்டது, இனி அணைத்துப் போடும் வரி வேண்டாம் என்றார். எனக்கு மனசு லேசானது. அடுத்த வாக்கியத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டார். அதற்குப் பதிலாக வேறு வரி போடலாமாம். "பதிவு நடக்கும்போது தாய் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றக் கூடாது." இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது, கெர்னலில் இப்போது கை வைக்க முடியாது, அதைத் திருத்தினால் எல்லாச் சோதனையையும் முதலில் இருந்து செய்ய வேண்டும், ஒரு வரி அச்சடிப்பது சுலபம் என்று அடுக்கினார். எந்த வார்டில்தான் மெஷினுக்கு ஏற்ற மாதிரி நோயாளி இருக்க மாட்டார் என்று வேறு கேட்டார்.

நான் குரல் உயர்த்தவில்லை. உயர்த்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அழுதால் அதையே பிடித்துக்கொண்டு பேசுவார்கள்.

"நான் பத்தொன்பது மணி நேரம் படுத்துக் கெடந்தேன் சார். பெல்ட் நழுவும்னு சொன்னாங்க. ஒருதடவ எந்திரிச்சு நின்னா போதும்னு கெஞ்சினேன், விடலை. நான் எழுதின ஒரு வரி தப்புக்கு இனிமே வர்றவங்களையும் கட்டிப் போடச் சொல்றீங்க. அதுல என் பேரு வராது. வேணும்னா என்னை மாத்திக்கோங்க."

அறையில் நாலு ஆண்கள் இருந்தார்கள். நாலு பேரும் மேசையைப் பார்த்தார்கள். தியாகு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

எழுதுவதாக இல்லை என்று நேற்றுத்தான் எழுதினேன்.

ஜூன் 19, வியாழன்

திருத்தம் எழுதியாகிவிட்டது. பதினொரு வரி. அதில் உயிரான வரி ஒன்றுதான். பக்கத்தைக் கேட்கும்போதே "ரொம்ப நேரம் இருப்பேன்" என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கெர்னல் அந்தப் பக்கத்தைக் கேமராவின் வரிசையில் இருந்து எடுத்து வேறு இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் துண்டு போட விடும். இந்த வசதி பல வருஷமாகக் கெர்னலில் இருக்கிறது. யாரும் எதையும் தர மறுக்கவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் என்று சொல்லிவைத்திருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

தியாகு சார் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் பேசினார். திங்கள் காலை ஒன்பது மணிக்குள், பெல்ட்டைக் கழற்றி மாட்டி, இடையில் அணைக்காமல், பதினாலு மணி நேரம் ஓடி, கடைசியில் கேமரா திறந்ததற்குப் பதிவு காட்டினால் திருத்தத்தோடு அனுப்பலாம். இல்லாவிட்டால் அசையக் கூடாது என்கிற வரியோடு கையேடு அச்சுக்குப் போகும். கையெழுத்தை அவரே போட்டுக்கொள்வார்.

சனிக்கிழமை முழுக்க ஆபீஸ் பக்கம் மின்வாரியப் பராமரிப்பு, கரண்ட் இருக்காது. ஞாயிறு ஆபீசில் கரப்பான் மருந்து அடிக்கிறார்கள், யாரும் உள்ளே போக முடியாது. இதையெல்லாம் தெரிந்துதான் சொன்னாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கருவியை வீட்டுக்கு எடுத்துப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்கு உங்களை அதில் கூப்பிடுவேன், வேறெங்கும் போய்விடாதீர்கள் என்றேன். சரி என்றார்.

மகாராணியையும் கொண்டுபோகலாம், அப்பாவின் கார் இருக்கிறது என்றாள் ஃபர்ஹானா. வேண்டாம் என்றேன். பதினெட்டு கிலோ, யார் தூக்குவது.

ஜூன் 21, சனி

பாப்பா ஒயரைக் கண்டால் இழுப்பாள். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும், ஒரு நாள் முழுக்க, யாரும் தட்டாமல். வீட்டில் அப்படி இருப்பது ஒரே அறை.

குணாவிடம் சொல்லிச் சொல்லவைக்கலாமா என்று காலையில் யோசித்தேன். ஐந்து மாதமாக அப்படித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போய்க் கதவைத் தட்டினேன். சபரீஷ், எனக்கு என் ரூம் வேணும் என்றேன். இன்னிக்கே, திருப்பித் தர மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். குரல் கொஞ்சம் கறாராகவே வந்துவிட்டது.

அவன் ஒரு விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"தாராளமா அண்ணி. ஸ்டுடியோ ஏப்ரல்லயே ரெடியாயிருச்சு. நீங்கதான் வந்த அன்னிக்கு, எத்தனை நாள் வேணும்னாலும் இரு, எனக்கு இந்த ரூம்ல ஒரு வேலையும் இல்லைன்னு சொன்னீங்க. கெளம்பினா மனசு கஷ்டப்படுவீங்களோன்னு இருந்தேன்."

நான் அப்படிச் சொன்னேனா என்று குணாவைக் கேட்டேன். சொன்னாய் என்றார். டீ தம்ளரோடு, சிரித்துக்கொண்டே சொன்னாயாம்.

பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் எல்லாப் பெட்டியும் மினி வேனில் ஏறிவிட்டன. மதியம் அறையைக் கழுவிவிட்டேன். என் மேசை இருக்கிறது. நாற்காலி ஒரு பக்கம் சாய்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

காலை 5.50. பெல்ட்டை என் வயிற்றில் கட்டிக்கொண்டேன். ஜெல் சில்லென்று இருந்தது. கருவிக்குக் குழந்தையின் துடிப்பு கிடைக்காது, என் நாடிதான் கேட்கும். பரவாயில்லை, அலாரத்தை அணைத்து வைத்தாகிவிட்டது. பாப்பா குணாவிடம். வெளியே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: எட்டு மணி வரை தட்டக் கூடாது, தீப்பிடித்தால் தவிர.

6.30. கழற்றினேன். அறையைச் சுற்றி நாலு நடை. மாட்டினேன்.

7.10. கழற்றி மாட்டினேன். ஜன்னலைத் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் பைக் கழுவுகிறார்.

9.00. ஆறாவது முறை. குணா கதவைத் தட்டாமல், இட்லித் தட்டை வாசலில் வைத்துவிட்டு மெசேஜ் போட்டார். பதினாலு மாதத்தில் முதல்முறையாக ஒரு சாப்பாட்டை உட்கார்ந்து முடித்தேன்.

11.40. பன்னிரண்டு முறை ஆகிவிட்டது. சுவரில் இரண்டு கையையும் ஊன்றி நின்று பார்த்தேன். மண்டி போட்டும் பார்த்தேன். இடுப்புக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

1.15. பாப்பா அழும் சத்தம். எழுந்துவிட்டேன். கதவின் கைப்பிடி வரை போய்விட்டேன். குணா பாடுகிறார், சகிக்கவில்லை, ஆனால் அவள் நிறுத்திவிட்டாள். திரும்பி வந்தேன்.

2.30. இப்போது எழுதிவிடுகிறேன். பாப்பா பிறந்த அன்று நான் எட்டாவது மணி நேரத்தில் எழுந்திருக்கக் கேட்டேன். மெஷின் தப்பாகக் காட்டும் என்றார்கள். குணா என் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்றபடி கேளு சாரு, அவங்களுக்குத் தெரியாதா என்றார். கேட்டேன். அடுத்த பதினொரு மணி நேரமும் கேட்டேன். வெளியே வந்தபிறகு எல்லோரும் பாராட்டினார்கள், ரொம்பப் பொறுமை, ஒரு சத்தம் போடவில்லை என்று. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்து மகாராணியின்மேல் பெல்ட்டைக் கட்டினேன். பெண் என்றால் இப்படித்தான் கிடப்பாள் என்பதில் எனக்குத் துளி சந்தேகம்கூட வரவில்லை. கோபமாக இருக்கிறது. அவர்கள்மேலும், குணாமேலும், அதிகம் என்மேலும்.

4.00. பத்து மணி நேரம் தாண்டிவிட்டது. மெமரி நிறைந்துவிட்டது. இனிமேல் மாட்டும் ஒவ்வொரு முறையும் சோதனைதான். பட்டனை இப்போதே அமுக்கிப் பார்க்கக் கை பரபரக்கிறது. எட்டு மணி என்று சொல்லியிருக்கிறேன், எட்டு மணிதான்.

6.45. இருபத்தெட்டாவது முறை. தோல் சிவந்துவிட்டது. பாத்ரூமுக்குப் போனேன், வந்தேன், மாட்டினேன்.

7.55. முடி கலைந்திருக்கிறது. சரி செய்யப் போவதில்லை.

8.20. எட்டுக்கு அமுக்கினேன். ஒரு விநாடி. இரண்டு விநாடி. உள்ளே பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நாலு பக்கங்களும் எழுந்து போய்க்கொண்டிருக்கும் நேரம் அது. திரை வெளுத்தது, கேமரா திறந்தது, என் முகம் தெரிந்தது. அடுத்த நிமிஷம் தியாகு சார், பனியனோடு, பின்னால் டிவி.

அவர் என் வயிற்றில் பெல்ட்டைப் பார்த்தார். அப்புறம், பதினாலு மணி நேரமும் நீங்களேவா கட்டியிருந்தீங்க, மொதல்ல உக்காருங்க சாருமதி என்றார்.

"நிக்கிறேன் சார். நின்னுட்டே பேசலாம், அதுக்குத்தான் இது."

ஜூன் 23, திங்கள்

திருத்தத்தோடு நாற்பதும் லாரி ஏறின. திருத்தக் குறிப்பில் "மேம்படுத்தப்பட்டது" என்று போடலாமே என்றார் தியாகு சார், பழைய தப்பை எதற்கு எழுதிவைக்க வேண்டும் என்று. நான் எழுதியதை அப்படியே விட்டுவைத்தேன்: "நாலு வருஷம் முன்பு நான் இதைத் தப்பாக எழுதினேன். பொம்மை எழுந்திருக்காது. பெண்கள் எழுந்திருப்பார்கள். சாருமதி."

கையேட்டின் பதினாலாம் பக்கத்திலும் அவருடைய வரி இருந்த இடத்தில் வேறு ஒரு வரியை வைத்து அச்சுக்கு அனுப்பினேன். கேட்காமல் செய்தேன். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு கையெழுத்துதான்.

ஜூன் 24, செவ்வாய்

குணா பின்னறைக் கதவைத் தட்டிவிட்டு வந்தார். அன்னிக்கு நீ எந்திரிக்கணும்னு கேட்டப்ப நான் உன் பக்கம் நின்னிருக்கணும் என்றார். நோட்டைப் படித்தீர்களா என்றேன். இல்லை, ஞாயிற்றுக்கிழமை நீ நடக்கிற சத்தம் நாள் பூரா கேட்டுது என்றார்.

நாற்காலிக்கு ஆணி அடித்துக் கொடுத்தார்.

ஜூலை 17, வியாழன்

பெனிட்டா சிஸ்டர் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். ஃபர்ஹானாவைக் கூப்பிட்டு இரண்டு பேரும் கேட்டோம். நேற்று ஒரு பெண், முதல் பிரசவம், பதினேழு மணி நேரம். பெல்ட்டை ஒன்பது தடவை கழற்றியிருக்கிறாள். பதினாறாவது மணி நேரத்தில் துடிப்பு இறங்கியிருக்கிறது. பட்டனை அமுக்கியதும் டாக்டர் வந்துவிட்டார். பார்த்தார், சொன்னார், அதன்படி செய்தார்கள். பெண் குழந்தை, மூன்று கிலோ.

அந்தப் பெண் இடையில் பயந்திருக்கிறாள், நான் நடந்தால் மெஷின் கெட்டுவிடுமா என்று. பெனிட்டா சிஸ்டர் கையேட்டை எடுத்துப் பதினாலாம் பக்கத்தை அவளுக்கே காட்டினாராம். அவள் சத்தம் போட்டு வாசித்துவிட்டு எழுந்து போனாளாம், வராந்தாவின் கடைசி வரை.

அந்த வரி இவ்வளவுதான்: "தாய் எழுந்து நடக்கலாம். கருவி காத்திருக்கும்."